வெளிநாட்டு விமானத்தில் இறங்கி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர ரயில் டிக்கெட் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் விமான டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாகவே எடுத்துவிடுகிறார்கள். ரயில் நினைவுக்கு வருவது, புறப்பட நான்கு நாள் இருக்கும்போதுதான். "அண்ணா, நீலகிரி எக்ஸ்பிரஸில் ஒரு சீட் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அப்போதுதான் குன்னூருக்குப் போன் வரும். அதற்குள் காத்திருப்புப் பட்டியல் எங்கோ போயிருக்கும்.

விமானம் இறங்கும் நேரத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு அடுத்த ரயிலைத் தேடுவதுதான் வழக்கம். மலைக்கு வருகிறவர்களுக்கு அது சரிப்படாது. மலையடிவாரத்தில் எந்த நேரத்தில் இறங்கினால் மேலே ஏற வண்டி கிடைக்கும் என்பதில் தொடங்கி, ரயில், ரயில் நிலையம், விமானம் என்று பின்னோக்கி வர வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரயில்வேயின் டிக்கெட் இணையதளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் கணக்கு, அதில் ஆதார் சரிபார்ப்பு, ஓ.டி.பி. வந்து சேரும் செல்பேசி எண், பணம் கட்டும் வழி. இந்த நான்கையும் டிக்கெட் திறக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே சோதித்துவிடுங்கள். பெரும்பாலோர் சிக்குவது ஓ.டி.பி.யில். இந்திய எண் ஊரில் அலமாரியில் கிடக்கும், கடவுச்சொல் மறந்திருக்கும், புதிய கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

2025 ஜூலை முதல் இணையவழித் தட்கல் (பயணத்துக்கு முந்தைய நாள் எடுக்கும் அவசர டிக்கெட்), ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து சாதாரண முன்பதிவின் தொடக்க நேரமும் அவர்களுக்கே என்றாகிவிட்டது. மலேசிய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் ஆதார் இருக்காது. அவர்களுக்காக ஊரில் ஆதார் இணைத்த கணக்குள்ள உறவினர் எடுத்துத் தருவது நல்லது. சொந்தக் கணக்கில் உறவினருக்கும் நண்பருக்கும் எடுக்கலாம், தடையில்லை. கமிஷனுக்கு எடுத்துத் தருவதுதான் ரயில்வே சட்டப்படி குற்றம். அப்படிப்பட்டவரிடம் வாங்கிய டிக்கெட் முடக்கப்பட்டால், நடைமேடையில் நிற்பது நீங்கள்தான்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரைப் பயணியாகச் சேர்க்கும்போது நாட்டையும் கடவுச்சீட்டு எண்ணையும் கொடுக்க வேண்டும். பெயரைக் கடவுச்சீட்டில் இருப்பது போலவே எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் டிக்கெட் பரிசோதகருக்குத் தெரியாது.

2. அடிவாரத்தில் இறங்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள்

நீலகிரிக்கு அடிவாரம் மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டி சாலை வழியே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். குன்னூரும் கோத்தகிரியும் அதைவிடக் கிட்டே. சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணியை ஒட்டிக் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் (12671) காலை ஆறு மணிக்குப் பிறகு மேட்டுப்பாளையத்தில் விடும். விடிந்திருக்கும், பஸ் இருக்கும், காரும் இருக்கும். இதைவிட நல்ல நேரம் கேட்க முடியாது.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கு வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது. 'கொடைக்கானல் ரோடு' என்ற நிலையம் கீழே சமவெளியில், அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. அங்கிருந்து ஊர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், மலைப்பாதையில் மூன்று மணி நேரம். டிக்கெட்டில் கொடைக்கானல் என்று போட்டிருக்கிறதே என்று நம்பி, விடுதிக்காரரை நிலையத்துக்கு வரச் சொன்னவர்கள் உண்டு.

சென்னையிலிருந்து பகலில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸ் இருட்டிய பிறகே கொடை ரோட்டில் விடும். அதற்கு மேல் மலை ஏறும் பஸ்ஸை நம்ப முடியாது. இரவுப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் அதிகாலை நான்கு மணிவாக்கில் வந்துவிடும். விடியும்வரை சற்றுக் காத்திருந்து, வத்தலக்குண்டு போய் மலைப் பஸ் பிடிக்கலாம். கார் சொல்லிவைத்தால் நேராகவே ஏறலாம். என்னைக் கேட்டால், நான்கு மணியின் குளிரும் தூக்கக் கலக்கமும் இரவு எட்டரை மணியின் தவிப்பைவிட மேல்.

3. விமான நிலையத்துக்கு ஏற்ற ரயில் நிலையம்

சென்னையில் இறங்குகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து போகும். மதுரைத் தடத்து ரயில்கள் எழும்பூர் பக்கம். இரண்டும் ஒன்றல்ல.

சென்ட்ரலுக்கு மெட்ரோ எடுங்கள். விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. நீல வழித்தட ரயில் மாறாமல் நேராகச் சென்ட்ரலுக்கு வரும், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். மாலை ஆறு மணிக்கு மேல் அண்ணா சாலையில் டாக்ஸியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் மெட்ரோவின் அருமை புரியும். மெட்ரோ காலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரைதான் ஓடுகிறது.

கொடைக்கானல் போகிறவர்கள் எழும்பூருக்குப் போகவே வேண்டாம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் புறநகர் நிலையம். அங்கிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், அடுத்தது தாம்பரம். ஊருக்குள் போய், வந்த வழியே ரயிலில் திரும்புவதில் பொருளில்லை.

கோவையில் இறங்குகிறவர்களுக்கு என் கருத்து வேறு: ரயிலை மறந்துவிடுங்கள். கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு முன்பதிவில்லாத ரயில்கள் உண்டு. ஆனால் பீளமேட்டிலிருந்து பெட்டிகளோடு ஜங்ஷனுக்கு வந்து, அங்கே காத்திருந்து, மேட்டுப்பாளையத்தில் மறுபடி இறக்கி ஏற்றுவதற்குள், நேராகக் காரில் கிளம்பியவர் குன்னூரில் குளித்து முடித்திருப்பார். கைப்பை மட்டும் உள்ளவருக்கு அந்த ரயில் மலிவு.

கொச்சி விமான நிலையத்துக்கு அருகில் அங்கமாலி, ஆலுவா இரண்டும் இருக்கின்றன. ஆலுவாவில் நிற்கும் ரயில்கள் அதிகம். ஒன்றைக் கவனியுங்கள்: பாலக்காடு வழியே வரும் சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் நுழையாமல் போத்தனூரோடு விலகிப் போய்விடும். இறங்கும் நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கொடைக்கானலுக்கு என்றால் ஆலுவாவிலிருந்து பொள்ளாச்சி, பழனி வழியே மதுரைப் பக்கம் போகும் அமிர்தா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பழனியில் இறங்கினால் கொடைக்கானலுக்குத் தனி மலைப்பாதை, சுமார் 65 கிலோமீட்டர்.

திருச்சியில் இறங்குகிறவர்கள் திண்டுக்கல்லுக்கு டிக்கெட் எடுத்தால் போதும். மதுரையில் இறங்கினால் ரயிலே வேண்டாம், ஆரப்பாளையத்திலிருந்து பஸ்.

4. இடைவெளி

விமானம் தரையைத் தொடும் நேரத்துக்கும் ரயில் கிளம்பும் நேரத்துக்கும் நடுவே சென்னையில் ஆறு மணி நேரம் விடுங்கள். அதிகமாகத் தோன்றும். குடியேற்ற வரிசை, பெட்டி வரும் பட்டை, சுங்கம் மூன்றுக்கும் இரண்டு மணி நேரம் போகும். நகருக்குள் வர ஒரு மணி நேரம். மீதி மூன்று மணி நேரம் விமானத் தாமதத்துக்கு.

இந்த மூன்று மணி நேரத்தைத்தான் எல்லோரும் வெட்டப் பார்க்கிறார்கள். வெட்டக் கூடாததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு விமானங்களை ஒரே டிக்கெட்டில் எடுத்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் விமான நிறுவனம் மாற்று வழி செய்யும். விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவே அப்படி எந்த உறவும் இல்லை. உங்கள் விமானம் தாமதம் என்பதால் ரயில்வே ஒரு ரூபாயும் திருப்பாது.

ஆகவே இரவு ஒன்பது மணி ரயிலுக்குப் பிற்பகல் மூன்று மணிக்குள் இறங்கும் விமானம் பொருத்தம். விடியற்காலை இறங்கும் வளைகுடா விமானம் என்றால் பகல் முழுவதும் கையில் இருக்கும். ஆறு மணி நேர இடைவெளி இருந்தால் அன்றைய பகல் ரயிலையும் பார்க்கலாம். மூன்று மணிக்கு இறங்கி ஆறு மணி ரயிலைப் பிடிக்கும் துணிச்சல் மட்டும் வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து இரவு பத்து, பதினொன்றுக்கு இறங்குகிறவர் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலை ஆறு மணியை ஒட்டிச் சென்ட்ரலில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸில் வருவதே நிம்மதி. பிற்பகலில் கோவை, பொழுது சாய்வதற்குள் மலை.

5. தேதி

நள்ளிரவைத் தாண்டும் பயணங்களில் தேதி தவறுவது சர்வசாதாரணம். 14ஆம் தேதி இரவு பத்து மணிக்குத் துபாயில் ஏறினால் சென்னையில் இறங்குவது 15ஆம் தேதி விடியற்காலை. ரயில் 15 இரவு. விமான டிக்கெட்டில் பெரிதாகத் தெரியும் 14ஐப் பார்த்து ரயிலையும் 14க்கு எடுத்துவிடுகிறார்கள்.

நள்ளிரவு கடந்து உங்கள் நிலையத்துக்கு வரும் ரயிலில் சிக்கல் வேறு விதம். திருவனந்தபுரத்தில் 14 இரவு கிளம்பும் ரயில் உங்கள் நிலையத்துக்கு 12.40க்கு வந்தால், அங்கே அது 15ஆம் தேதி ரயில். இணையத்தில் தேட வேண்டியது நீங்கள் ஏறும் நிலையத்தின் தேதியை. காகிதத்தில் 'இறங்கும் தேதி, கிழமை' என்று எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். கிழமை எழுதினால் தவறு கண்ணில் படும்.

6. திறக்கும் நாளில் எடுங்கள்

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயணத் தேதியைச் சேர்க்காமல் 60 நாள். மே 10க்கு வேண்டுமென்றால் மார்ச் 11 காலை எட்டு மணிக்குத் திறக்கும். மே மாதம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மலர்க் கண்காட்சிக் காலம். திறந்த அன்றே எடுக்காவிட்டால் பிறகு எடுப்பது அரிது.

இங்கே காலை எட்டு என்றால் துபாயில் ஆறரை, கத்தாரிலும் சவூதியிலும் ஐந்தரை, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பத்தரை. அலாரம் வையுங்கள்.

தேடும்போது 'ஊட்டி' கிடைக்காவிட்டால் உதகமண்டலம் என்று தேடுங்கள். படுக்கையைப் பொறுத்தவரை, வெளிநாட்டுப் பெட்டிகளோடு வருகிறவர்கள் கீழ்ப் படுக்கையை விருப்பமாகக் குறியுங்கள். பெரிய பெட்டி இருக்கைக்கு அடியில்தான் நுழையும், அதன் மேலேயே நீங்கள் படுத்திருந்தால் தூக்கம் வரும். தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒருவருக்கு 40 கிலோ சுமை இலவசம். விமானத்தில் அனுமதித்த 30 கிலோவும் கைப்பையும் இதில் அடங்கிவிடும்.

7. காத்திருப்புப் பட்டியல் வந்தால்

இணையத்தில் எடுத்த டிக்கெட், பயணிகளின் இறுதி இடப் பட்டியலான அட்டவணை தயாரான பிறகும் முழுக்கக் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகி, பணம் திரும்பிவிடும். அதை வைத்து ரயில் ஏற முடியாது. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், உட்கார இடம் உறுதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் குறைவில்லை.

அட்டவணை முன்பு ரயில் கிளம்ப நான்கு மணி நேரத்துக்கு முன்னால்தான் தயாராகும். 2025க்குப் பிறகு குறைந்தது எட்டு மணி நேரம் முன்பே வந்துவிடுகிறது. வானத்தில் இருப்பவருக்கு இது நன்மை. இரவு ஒன்பது மணி ரயிலின் முடிவு, நீங்கள் மூன்று மணிக்குத் தரையிறங்கிச் செல்பேசியைத் திறக்கும்போது தெரிந்திருக்கும். இடம் கிடைக்கவில்லை என்றாலும் மாற்று வழி தேட மாலை முழுவதும் இருக்கிறது.

தட்கலை ஒரே நம்பிக்கையாக வைக்காதீர்கள். முந்தைய நாள் காலை பத்து மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கும் பதினொன்றுக்கு மற்றவற்றுக்கும் திறக்கும். அந்த நேரத்தில் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள் அல்லது விமானத்தில் இருப்பீர்கள். உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. தட்கல் வேண்டுமென்றால் எடுக்கும் பொறுப்பை ஊரில் ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படையுங்கள்.

8. ஏறும் நிலையம்

இது சின்னப் படி. விட்டால் படுக்கை போய்விடும். தாம்பரத்திலிருந்து இடம் காட்டாதபோது எழும்பூரிலிருந்து எடுத்து, ஏறும் நிலையமாகத் தாம்பரத்தைக் குறிக்கலாம். ரயிலின் தொடக்க நிலையத்துப் பொதுப் பட்டியலில்தான் இடம் அதிகம். டிக்கெட் எடுத்த பிறகு மாற்ற நினைத்தால் ரயில் கிளம்ப 24 மணி நேரம் முன்பே இணையத்தில் மாற்றிவிடுங்கள்.

மாற்றாமல் தாம்பரத்தில் ஏறினால், எழும்பூரில் நீங்கள் வரவில்லை என்று குறித்து உங்கள் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். மாற்றிய பிறகு மனம் மாறி எழும்பூரில் ஏறுவதும் கூடாது. அங்கிருந்து ஏறும் உரிமை போய்விட்டது.

9. மலை ரயில் ஆசை

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில் நண்பகலை ஒட்டி ஊட்டி சேரும். நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிறவர்களுக்குச் சரியாக ஒட்டும் இணைப்பு. யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த தடம், 46 கிலோமீட்டர். இருந்தும் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் நாளில் இதை எடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

பெட்டிகள் சிறியவை, உங்கள் சூட்கேஸுக்கு இடமில்லை. இரவெல்லாம் விமானத்திலும் ரயிலிலும் கழித்த பிறகு ஐந்து மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்தால் அன்றைய ரயில் ரத்து. வீடு சேர்ந்து, இரண்டு நாள் கழித்துக் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போய் வாருங்கள். அந்தப் பகுதியில் நாளுக்குப் பல முறை ஓடுகிறது, டிக்கெட்டும் எளிது.

பிடிவாதமாக எடுப்பவர்கள் இரண்டு ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்களையும் இணையத்தில் இணைத்துவிடுங்கள். பயணிகள் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால், இணைத்தவர்கள் பணம் கோரலாம். இது ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவே மட்டுமே.

10. இறங்கிய நாளில்

பெட்டி வருவதற்குக் காத்திருக்கும்போதே பி.என்.ஆர். நிலையைப் பாருங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் உடனே அதே ரயிலிலும் அடுத்த ரயில்களிலும் நடப்பு முன்பதிவைப் பாருங்கள். அட்டவணைக்குப் பின் மிஞ்சிய இடங்கள் அங்கே விற்கப்படும். புறநகர் ரயிலுக்கும் முன்பதிவில்லாத ரயிலுக்கும் ரயில்வேயின் ரயில்ஒன் செயலியிலேயே டிக்கெட் எடுக்கலாம்.

மூல அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கடவுச்சீட்டு போதும், ஆனால் அதைப் பெரிய பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். கொடை ரோட்டில் ரயில் அதிக நேரம் நிற்காது. திண்டுக்கல் வந்ததுமே பெட்டிகளைக் கதவருகே கொண்டுவந்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் போகிறவர்கள் கோவையில் கூட்டம் இறங்குவதைப் பார்த்துத் தாமும் இறங்கிவிட வேண்டாம். உங்கள் ஊர் கடைசி நிறுத்தம்.

கீழிருந்து வாடகைக் கார் எடுத்தால் ஓட்டுநரிடம் இ-பாஸ் (மலைக்குள் வண்டி நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுத்துவிட்டாரா என்று முந்தைய நாளே கேளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு அது கட்டாயம். பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கும் உள்ளூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கும் தேவையில்லை. ரயில் நிலையத்தில் வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலை ஏறும் முன்பே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள். நீலகிரிச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு.

11. விமானம் தாமதமானால்

தாமதம் புறப்படும் முன்பே தெரிந்தால் விமானத்தில் ஏறுவதற்குள் முடிவெடுங்கள். ரயில் நேரம் நெருங்க நெருங்க ரத்துப் பிடித்தம் ஏறும், கடைசி மணி நேரங்களில் ஒன்றும் தேறாது. விமானத்துக்குள் செல்பேசி வேலை செய்யாது. ஆகவே ஊரில் ஒருவரிடம் கணக்கின் விவரத்தைக் கொடுத்து, 'இத்தனை மணிக்குள் இறங்கியதாகச் சேதி வராவிட்டால் ரத்து செய்துவிடு' என்று நேரம் குறித்துச் சொல்லிவிடுங்கள்.

ரயில் போய்விட்டால் இரவிலேயே கிளம்ப முயல்வதா, தங்குவதா என்ற கேள்வி வரும். கிளாம்பாக்கம் பஸ் முனையம் தாம்பரத்துக்குத் தெற்கே, விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகாமலே அடையக்கூடிய இடம். அங்கிருந்து திண்டுக்கல், மதுரைப் பக்கம் இரவு வெகுநேரம் வரை பஸ் உண்டு. கொடைக்கானல்காரர்கள் அதைப் பிடிக்கலாம். நீலகிரிக்காரர்கள் குழந்தைகளோடு இருந்தால் தங்கிவிட்டு, காலைக் கோவை எக்ஸ்பிரஸில் இடம் பாருங்கள். அதற்கு நடப்பு முன்பதிவு முந்தைய இரவே திறந்திருக்கும், ஆகவே அறைக்குப் போகும் வழியிலேயே பார்த்துவிடுங்கள்.